குடை நின்ற நேர்

சேசு மரி சூசை துணை
புன்னக்காயல், 4.9.94

அன்பு மகள் ஜாய்சிக்கு, அப்பா தொபியாஸ் சொல்ல, தபால்காரத் தளவாய் எழுதுவது. இங்கே எல்லாரும் வேளைக்குச் சோறு தின்கிறோம். நீயும் தின்று வேலைக்குப் போ.

நீ இப்போது வேலை பார்க்கிற கொச்சிக் கோட்டையில் நான் எந்தத் தெருவில் தங்கினேன் என்று கேட்டிருந்தாய். ஏட்டி, இருபது வருசம் உப்புத் தோணியில் அங்கே போனேன். ஒருநாளும் கரையில் கால் வைக்கவில்லை. மற்றவர்கள் இறங்குவார்கள், தோணிக்குக் காவல் நான். அந்த ஊரின் முகம் எனக்கு மனப்பாடம், முதுகைப் பார்த்ததில்லை. சீன வலைகளுக்குப் பின்னால் என்ன தெரு? வெள்ளைக்காரன் வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. அறுபத்து மூணில் அங்கே நங்கூரக் கயிறு சிக்கியபோது உன் சித்தப்பாவை நான்தான் தண்ணீரில் இறங்கச் சொன்னேன். ஏறி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்றையிலிருந்து உன் சித்தி அந்தோணியம்மாள் என்னிடம் பேசியதில்லை. போன வாரம் வந்து நின்றாள். “எங்கன விட்டுட்டு வந்தீரு? இடத்தக் காட்டும்.” கல்லறைத் திருநாளுக்குப் பூப்போட அவளுக்கும் ஓர் இடம் வேண்டுமாம்.

கடலில் இடத்துக்கு அடையாளம் கரைதான். கரையோரம் பெரிய தூங்குமூஞ்சி மரம்; பின்னால் வெள்ளைக் கோயில் மணிக்கூண்டு. இரண்டும் ஒரே கோட்டில் வந்து, மரம் கூண்டை மறைக்கிற நேரில் போய் ஆழம் பார்க்கக் கயிறு விட்டால் ஏழு பாகத்தில் மண் தட்டும். அங்கேதான். இரண்டும் நிற்கிறதா, பார்த்து எழுது.

தொபியாஸ் (கைநாட்டு)

கொச்சிக் கோட்டை, 25.9.94

அன்புள்ள அப்பாவுக்கு,

பூசை முடிந்ததும் நடந்து பார்த்தேன். வலைகளுக்குப் பின்னால் மீன்கடைகள். அதற்கும் பின்னால் ஓட்டு வீடுகள், கதவு மட்டும் இரண்டு ஆள் உயரம். ஒன்றில் தையல் பள்ளி, ஒன்றில் ஆடுகள். தெருவெல்லாம் சுக்கு வாசனை.

மணிக்கூண்டு நிற்கிறது. ஆனால் அது கோயில் இல்லை அப்பா, சுக்கு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. கூலியாட்களைக் கூப்பிட அடிக்கிற மணி. நீங்கள் தோணியிலிருந்து அதைப் பார்த்துச் சிலுவை போட்டதாகச் சொல்வீர்களே, அதனால் எழுதத் தயங்கினேன்.

மரம் இல்லை. நாலு வருசத்துக்கு முன் காற்றில் விழுந்துவிட்டதாம். அடிமரத்தின் மேல் மீன்காரிகள் கூடை வைக்கிறார்கள். சித்தியிடம் என்ன சொல்வது?

ஜாய்சி

புன்னக்காயல், 10.10.94

அன்பு மகளுக்கு,

இருபது வருசம் சுக்குக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன். அதனால்தான் இன்றுவரை எனக்கு வாயுத்தொல்லை இல்லை போல. தளவாய் சிரிப்பை அடக்க மாட்டாமல் பேனாவைக் கீழே போட்டுவிட்டான்.

மரம் போனதைச் சித்தியிடம் சொல்லிவிட்டேன். என்னோடு கொச்சிக்கு வரப் பையைக் கட்டுகிறாள். நீ படகுக்குச் சொல்லி வை. திருநாள் காலையில் சிவப்புக் குடை பிடித்து அந்த அடிமரத்தின் மேல் ஏறி நில். மீன்காரிகள் திட்டினால் திட்டட்டும், அசையாதே.

தொபியாஸ் (கைநாட்டு)

புன்னக்காயல், 9.11.94

அன்பு மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். அந்த ஊரின் முதுகையும் பார்த்துவிட்டேன்; என் துண்டைத் தின்ற ஆட்டை மறக்க மாட்டேன். படகில் நடந்ததைச் சித்தி பக்கத்தில் இருந்ததால் உன்னிடம் சொல்லவில்லை.

உன் குடை கூண்டுக்கு நேராக வந்ததும் கயிறு விட்டேன். ஐந்து பாகத்திலேயே மண். தள்ளிப் போய் மறுபடி கயிறு விட்டேன், ஆறு. வண்டல் ஏறிவிட்டது என்றான் படகுக்காரன். சித்தி என் முகத்தையே பார்த்தாள். “நேரு இதுதாம்மா. எந்த இடம்னு சத்தியம் பண்ண மாட்டேன்” என்றேன்.

அவள் பூவை ஒரே இடத்தில் போடவில்லை. உன் குடையைப் பார்த்தபடி, அந்த நேர் முழுக்க ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். கூடை காலியானதும், “பிள்ள வெயில்ல நிக்கா. கரைக்கு விடச் சொல்லும்” என்றாள். முப்பத்தொரு வருசத்தில் என்னிடம் பேசிய இரண்டாவது பேச்சு.

மூன்றாவது இன்று காலையில். நம் வாசலில் சட்டியோடு நின்று, குழம்புக்குச் சாளை மீன் இருக்கிறதா என்று கேட்டாள்.

தொபியாஸ் (கைநாட்டு)