வீட்டுக்கு இரண்டாவது சவ்வு

அன்புச் செல்லத்துக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் தொப்பை எங்கள் இருவரையும்விட சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

நம் போர் தண்ணீரில் ஆர்சனிக்கும் ஈயமும் கலந்திருப்பது தெரிந்ததும், அது சரியாகிற வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து உன் அம்மா எனக்கு முகம் கொடுத்தே பேசவில்லை, என்னவோ ஈயத்தை நான்தான் காய்ச்சி ஊற்றினது மாதிரி. குழாய்க்காரர் வந்து ஃபில்டர் மாட்டினார். உள்ளே ஒரு சவ்வு இருக்குங்க, அழுத்தித் தள்ளினா நல்ல தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போகும், விஷம் இந்தப் பக்கமே நின்னு தனிக்குழாயில வெளியே போயிடும் என்றார். சவ்வா, இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, ஒரு கதையை ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் இழுக்கும் என்று உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவர் பாவம், சுவர் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வெளியே போகிற தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது, மனசு கேட்கவில்லை, அவர் போனதும் அந்தக் குழாயை நீட்டி, ஃபில்டருக்குத் தண்ணீர் இறங்குகிற மொட்டைமாடித் தொட்டியிலேயே விட்டுவிட்டேன், ஒரு சொட்டுகூட வீணில்லை என்று எதிர்வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. ஃபில்டர் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் சோதிக்கக் கொடுத்திருந்தோம், பரிசோதனைக்கூடத்துப் பெண் போன் செய்து, ஃபில்டர் தண்ணியில நினைச்ச அளவு குறையலையே, தொட்டியில முன்னைவிடக் கூடியிருக்கே, என்ன சார் பண்றீங்க என்று கேட்டாள். நான் உடனே குழாய்க்காரரைத் திட்ட ஆரம்பித்தேன். உன் அம்மா மாடியேறிக் குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, தட்டு கழுவின தண்ணியைக் குடிக்கிற குடத்துல ஊத்துற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா என்று மேலிருந்தே கேட்டாள், தெருவில் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. இப்போது தொட்டியைக் கழுவி, அந்தக் குழாயைக் கழிவறைக்குத் திருப்பியாயிற்று.

நேற்று மறுபடி அந்தப் பெண் போன் செய்தாள், உன் அம்மாதான் எடுத்தாள். என்ன சொன்னாள் என்று என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் இருக்கிற தொட்டிலை இறக்குங்க என்றாள், அதிலிருந்து புரிந்துகொண்டேன். இறக்கித் துடைத்து வைத்திருக்கிறோம்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். டிக்கெட் எடுத்ததும் முதலில் அம்மாவிடம் சொல், என்னிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

பேரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் காத்திருக்கும்
உன் அப்பா