மக்கு என்றால் என்ன அர்த்தம், அம்மா?

என் அருமை அம்மா, ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவளே,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மந்தைவெளி வீட்டில் உன் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது துணி உலர்த்தும் ஸ்டாண்ட் நிற்கிறது. நல்ல வெளிச்சம், சீக்கிரம் காய்கிறது. இதைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். உனக்குக் கடைசியில் மிச்சமிருந்ததே அந்த ஒரு வார்த்தைதானே.

மயிலாப்பூரில் முப்பது வருஷம் தமிழ் டீச்சர் நீ. பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு தெலுங்கு வீட்டில். அப்பாவைக் கட்டிய பிறகு தெலுங்கை மாமாவோடு போனில் மட்டும் வைத்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் உனக்கு 'கண்ணு', 'ராஜாத்தி'. நான் மட்டும் மக்கு. பால் பொங்கினால் மக்கு, கணக்கில் முப்பத்தெட்டு வாங்கினால் மக்கு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே, "எங்க மக்கு போட்ட காபி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அங்கிருந்து போன் வரவில்லை.

பக்கவாதம் வந்து உன் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. மனப்பாடமாக வைத்திருந்த செய்யுள் எல்லாம் போயிற்று, மக்கு மட்டும் தங்கிற்று. தண்ணீருக்கு மக்கு, வலிக்கு மக்கு, டிவியை மாற்றவும் மக்கு. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "வாழ்க்கைல அதிகமா சொன்ன வார்த்தைதான் சில பேருக்கு மிஞ்சும் மேடம்" என்றாள். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

அந்தக் காலையைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம். ஆயா வந்ததும் உன்னை ஒப்படைத்துவிட்டு, தி.நகர் புடவைக் கடைக்கு நான் வேலைக்கு ஓட வேண்டும். சமையலறையில் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட ஆரம்பித்தாய். மக்கு. மக்கு. உன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "ஆமா, மக்குதான். மக்குக்குக் காது கேக்காது. கத்திட்டே இரு."

நீயும் கத்திக்கொண்டே இருந்தாய். நான் டப்பாவை மூடினேன், ஸ்பூனைத் துடைத்தேன். ஒரு ஸ்பூனைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது அம்மா. சத்தம் நின்றதும் அப்பாடா என்றுதான் இருந்தது. வந்து பார்த்தபோது உன் வாய் திறந்தபடி இருந்தது, மூச்சு இல்லை.

அதிலிருந்து போகிற இடமெல்லாம் அந்த வார்த்தை என்னைப் பிடித்து ஆட்டுகிறது. குப்பை வண்டிக்கார அம்மா வாசலில் நின்று, "மக்கறது தனியா, மக்காதது தனியா குடுக்கா" என்கிறாள். உன் மாலைகள் மக்கும் குப்பையில் போயின. மிச்சமிருந்த டயப்பர்கள் மக்காத குப்பையில். கட்டில் மோதிப் பெயர்ந்த கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரி, "இதுல மக்கு வெச்சுத் தேச்சுட்டா ஓட்டை இருந்ததே தெரியாதும்மா" என்றார். மரத்தூளில் பசையைக் குழைத்து விரலால் அடைத்தார். உன் பிள்ளைக்கு நீ வைத்த பெயர் ஓட்டை அடைக்கவும் உதவுகிறது.

கடையில் பெங்களூர்க்காரி ஒருத்தி தன் குழந்தைகளைப் பார்த்து, "மக்களே, பன்னி" என்று கூப்பிட்டாள். எங்கள் கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழந்தைகளே வாங்க என்று கன்னடத்தில் கூப்பிடுகிறாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அலமாரியில் இருந்த பழைய அகராதியை எடுத்தேன். மக்கு என்றால் அறிவு மந்தமானவர் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரு நிம்மதி. டீச்சர் சரியான அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் உன் மாதத் திதிக்கு மாமா வந்தார். வடையைப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"அக்கா உன்னை இன்னான்னு கூப்டும், ஞாபகம் இருக்குதா பாப்பா?"

"மறக்குமா மாமா? மக்கு."

"அது திட்டு இல்லம்மா. தெலுங்குல மக்குவன்னா ஆசை, பாசம். எங்க நைனா அக்காவ 'மக்குவ, மக்குவ'ன்னுதான் கூப்டுவாரு. அவரு போனப்புறம் அந்தப் பேரச் சொல்ல ஆளில்ல. நீ பொறந்ததும் அக்கா அத்த உனக்கு வெச்சுது. வாயில தேஞ்சு மக்குன்னு ஆயிட்ச்சு."

"என்கிட்ட ஏன் மாமா அம்மா சொல்லவே இல்ல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்திருக்கும்."

அவர் இன்னொரு வடை கேட்டார். எடுத்துவந்து வைத்தேன்.

அம்மா, அளவுகோலால் முட்டியில் அடித்துக்கொண்டே யாராவது ஆசையே என்று கூப்பிடுவார்களா? மாட்டார்கள்தானே? காபி குடிக்க வந்தவர்கள் முன்னால் நீ சிரித்தது எந்த மொழியில்?

உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இருக்கிறது. ஆனால் கணக்கு இப்படி நிற்கிறது. அது திட்டு என்றால், நாற்பத்தாறு வருஷம் திட்டு வாங்கிய ஒருத்தி ஒருநாள் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். அது ஆசை என்றால், மூச்சு முட்டிக் கிடந்த நீ, உன் அப்பா உனக்கு வைத்த பெயரால் உன் பிள்ளையைக் கூப்பிட்டாய். அவள் காது கேட்காது என்றாள். இந்த இரண்டில் எதை வைத்துக்கொண்டு என்னால் நாளைக்கு எழுந்து வேலைக்குப் போக முடியும்?

நேற்று மாமாவுக்குப் போன் போட்டேன். "அந்தத் தெலுங்கு அர்த்தத்தை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா."

"ஏம்மா, நல்ல அர்த்தம்தானே?"

"அதனாலதான் மாமா."

அவருக்குப் புரியவில்லை. சரி என்று போனை வைத்துவிட்டார்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். என் அம்மா என்னைச் சாகும்வரை திட்டினாள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். உன்னைக் கொடுமைக்காரியாகவே வைத்திருப்பேன். இதையாவது எனக்காகப் பொறுத்துக்கொள்.

உன் ஒரே மகள்,
வசந்தி