சூரியனுக்குப் போக இருந்த பல்

நவாரா அப்பா,

போனை எடுக்கலை, அதான் டாக்சி வர்றதுக்குள்ள எழுதறேன். பதறாதீங்க. உங்க பொண்ணு மாடிப்படியில விழுந்து முன்பல் ஒண்ணு வேரோட வந்துடுச்சு. நாளைக்குச் சிமெண்ட் பூசறேன்னு நீங்க தள்ளிப்போட்ட அதே உடைஞ்ச படிதான். காலையிலகூட அதுக்குத்தானே சண்டை போட்டோம்!

நான் துணி எடுக்கறதுக்குள்ள ரத்த வாயோட மொட்டைமாடிக்கு ஓடிட்டா. "சூரியம்மா, எருமைப் பல்லை எடுத்துக்கோ, மணப்பொண்ணு பல்லைக் குடு"ன்னு பால்பல் விழுந்தா சூரியனுக்கு எறியறப்பப் பாட நீங்க சொல்லிக்குடுத்த பாட்டைப் பாடி, எறியறதுக்குக் கையை ஓங்கிட்டா. எட்டிப் பிடிச்சுட்டேன். அது பால்பல் இல்லைங்க, போன வருஷம் முளைச்சது. பல் டாக்டரம்மா போன்ல சொன்னபடி, வேரைத் தொடாம, தேய்க்காம, பால்ல போட்டு எடுத்துட்டுப் போறேன். சீக்கிரம் போனா திரும்பப் பொருத்திடலாமாம்.

அடுப்புல மொச்சைக் கடைசல் இருக்கு. நீங்க கேட்ட பால்சோறு இல்லை, இருந்த பால் பல்லுக்குப் போயிடுச்சு.

டாக்சி வந்தாச்சு. "இது போனா சூரியம்மா இன்னொண்ணு தர மாட்டாளா?"ன்னு கேட்டு அழறா. பாட்டு சொல்லிக்குடுத்தவர் நீங்க, பதிலையும் நீங்களே சொல்லுங்க. சொல்லும்போது கையில சிமெண்ட் ஒட்டியிருக்கணும்.