பம்பு அடிக்காமல் ஊத வேண்டும்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. அம்மாவோடு நாகர்கோவில், ஆஸ்பத்திரி. பஸ்ஸில் இடமில்லை. சர்ச்சுக்குக் கட்டும் சேலையில் அம்மா.

அம்மாவுக்கு அண்டி ஆபீசில் முந்திரி வறுக்கும் புகை, பதினோரு வருடம். மூன்று வருடமாக இழுப்பு. ஆஸ்துமா என்று டாக்டர் எழுதினால் புகையில்லாத பக்கம், பருப்புத் தரம் பிரிக்க மாற்றுவார்களாம். சூப்பர்வைசர்: "பேப்பர் கொண்டா, பாப்பம்." நாள் முழுக்க இருமுவது அவன் காதில் விழாது.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். டெக்னீசியன் பெண்: "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க." மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி. முன்னும் பின்னும் ஒரே அளவு. ரத்தத்தில் அலர்ஜியில் கூடும் இயோசினோஃபில் அணு கூடுதல். டாக்டர்: "அது வயித்துல பூச்சி இருந்தாலும் கூடும். ஊதினது நார்மல். ஆஸ்துமான்னு எழுத முடியாது."

ஜூன் 10
கடைக்கு: உளுந்து, சோப்பு. கொசுவத்தி வேண்டாம்.

விஷயம் இன்றுதான் வெளியே வந்தது. நேற்று பஸ் ஏறுமுன் இழுப்புக்கான இன்ஹேலர் பம்பை நாலு தடவை அடித்திருக்கிறாள்.

"டாக்டருக்க முன்ன கொர்ரு கொர்ருன்னு இழுத்துட்டா இருக்க முடியும் மக்கா? ஆஸ்பத்திரிக்கு நல்லா போவாண்டாமா?"

"டெஸ்டுக்கு முன்ன அடிக்கப்பிடாதுன்னு ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருந்துல்லா?"

"இங்கிலீசு எனக்கெங்க தெரியும்? நீதானே படிச்சவன்."

நானும் சீட்டைப் படிக்கவில்லை. பி.எஸ்சி.

குளித்து, தலைவாரி, நெஞ்சையும் துடைத்துக்கொண்டு போயிருக்கிறாள். நாம் எல்லாரும் இப்படித்தான். நோயைக்கூட அழுக்கு மாதிரி மறைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நிற்கிறோம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். 23ஆம் தேதி வரச் சொன்னார்கள். முந்தின நாளிலிருந்தே பம்பு கூடாது.

ஜூன் 23, திங்கள்
நேற்றிலிருந்து பம்பு என் பையில். மழைக்கு பஸ் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டார்கள். அம்மா உதடு வெளுத்து.

"ஒண்ணே ஒண்ணு அடிச்சுக்கிடட்டா?"

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா."

பக்கத்து சீட்டுக்காரி: "பெத்த தள்ளைக்கு மருந்து குடுக்க மாட்டியாலே? நீயெல்லாம் ஒரு பிள்ளையா?"

ஊதினாள். அளவு பாதியில் நின்றது. மருந்துக்குப் பின் அளவு நன்றாக ஏறியது. டாக்டர்: "இப்பத் தெளிவா இருக்கு. ஆஸ்துமாதான்." அம்மாவுக்கு நோய் என்று கேட்டுச் சிரித்தேன்.

ஜூன் 24
பேப்பரோடு போன அம்மா பத்து மணிக்கே திரும்பிவிட்டாள். சூப்பர்வைசர் படித்துவிட்டுச் சொன்னானாம்: "சீக்காளின்னு டாக்டரே எழுதிட்டாரு. பின்ன உன்ன எப்படி வேலைக்கு வைக்க?"

போய் அவனைக் கேட்கக் கிளம்பினேன். அம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சும்ம கெட மக்கா. நாளைக்கு வேற ஆபீசுல வரச் சொல்லியிருக்காவ. வறுக்கதுக்குத்தான். காயிதம் இருக்குன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாண்டாம்."

நாளை எட்டு மணிக்கு அம்மாவுக்கு பஸ்.