நான் கூட்டிச் சொன்ன மூன்று வருடம்

மார்ச் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கிள்ளான் பாலத்தில் ஜாம். ஷா ஆலம் ஃபேக்டரிக்கு அரை மணி லேட். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் கடிதம் வந்துவிட்டது. மனைவி சரசுவின் மூட்டு ஊசிக்கு அனுமதி இல்லை. மெடிக்கல் கார்டு பாலிசி எடுக்கும் முன்பே இருந்த வியாதியாம். எப்படி? கார்டு எடுத்து இரண்டு வருடம். அவளுக்கு விரல் வீங்கியது போன தீபாவளிக்கு. முறுக்கு பிழிய முடியாமல் அச்சை என் கையில் கொடுத்தாளே! மடப்பயல்கள்.

இன்று அவள் சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஏஜண்ட் தேவாவுக்கு ஆறு தடவை போன். கார்டு விற்க வந்தபோது நம் வீட்டில் நாலு தோசை தின்றவன். சாயங்காலம்தான் எடுத்தான்.

"அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க லா. டாக்டர் ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு பாருங்க. அப்பீல் போடலாம்."

வாங்க: அரிசி, சுடுநீர்ப் பை, சுலபமாகத் திறக்கும் தண்ணீர் போத்தல்.

மார்ச் 7, வெள்ளி

அரை நாள் லீவு. பிரிக்ஃபீல்ட்ஸ், மூட்டு டாக்டர் கிளினிக். தனியாகப் போனேன். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி: மூன்று வருடமாக வலி, கணவர் சொன்னது.

நான்தான். ஜனவரியில், முதல் தடவை போனபோது. இரண்டு மாதம் என்றால் வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். "மூனு வருஷமா துடிக்கிறா டாக்டர்!" எங்கள் வீட்டில் யார் கிளினிக் போனாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். அப்போதுதான் ஒழுங்காகப் பார்ப்பார்கள்.

"நீங்க சொன்னதத்தான் எழுதினேன் அங்கிள். இப்ப மாத்தினா, கிளெய்முக்காக மாத்தினேன்னு சொல்வாங்க" என்றார் டாக்டர். சின்னப் பெண். அவருக்கும் சங்கடம்தான். ஊசி தள்ளிப் போனால் விரல் கோணும், கோணினால் திரும்பாது என்றார்.

சரசுவிடம், ஏதோ பேப்பர் குறைகிறது என்றேன். தலையாட்டினாள். பாவி நான்.

மார்ச் 10, திங்கள்

அப்பீல் அனுப்பியாச்சு. இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளிப் படங்களையும் சேர்த்தேன். வாசல் நிறைய அவள் போட்ட கோலம். அந்தக் கையைப் பார்த்தால் புரியாதா?

இன்சூரன்ஸ் பெண் போனில்: "அங்கிள், கோலம் மெடிக்கல் ரெக்கார்ட் இல்ல லா."

போனை வைத்துவிட்டு ஃபேக்டரி ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே அழுதேன்.

மார்ச் 13, வியாழன்

வெயில். அப்பீலும் போச்சு. இரண்டே வரி.

அரசாங்க ஆஸ்பத்திரி. காலை ஏழுக்கு நம்பர், பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். ஊசிக்கு இங்கே தனி லிஸ்ட், மாதக்கணக்கில் ஆகுமாம். தமிழ் நர்ஸ், புது ஃபாரம்.

"எவ்ளோ நாளா வலி, ஆன்டி?"

சரசு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு வேறு.

"நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நீங்க எடுத்துச் சொன்னதாலதான் அந்த டாக்டர் அவ்ளோ நல்லா பாத்தாங்க."

நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.