ஏப்ரலில் தூவிய பாப்பி

நேற்று பிளசன்டன் நர்சரியில் ஆரஞ்சு பாப்பிப் பூ விதை பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனேன். கல்லாவில் இருந்த பெண், இதற்கு சீசன் போய்விட்டது, குளிர்கால மழைக்கு முன்பே தூவியிருக்க வேண்டும் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கோ கோபம் தலைக்கேறியது. காருக்கு வந்து வெகுநேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள்மேல் இல்லை அந்தக் கோபம். யார்மேல் என்று உனக்குத் தெரியும்.

உனக்கும் அதையேதான் எல்லோரும் சொன்னார்கள். இனி கீமோ வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திய ஏப்ரல் மாதம் அது. சான் ரமோன் வீட்டின் முன்பக்கத் துண்டு நிலத்தில் பாப்பி போட வேண்டும் என்றாய். உன் மகள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இட்ஸ் டூ லேட், அம்மா" என்றாள். குழந்தை, அவளை விடு. உன் கணவர் மண்கொத்தியை கராஜில் எங்கோ எடுத்து வைத்துவிட்டார். பயம் அவருக்கு. அவரையும் மன்னித்துவிட்டேன்.

அந்த ஆன்ட்டியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜெபக் குழுவிலிருந்து சாம்பார் கொண்டுவந்தவர், உன் எதிரிலேயே உன் கணவரிடம் கேட்டார்: "சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா? இந்த நிலைமைல மண்ணு, செடின்னு எதுக்கு? ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

நீ சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாய். "ஆன்ட்டி, நான் இங்கதான் இருக்கேன். என்கிட்டயே கேளுங்க."

அவர் உன் கன்னத்தைத் தடவி, "பாவம்" என்றார். நீ சொன்னதற்கு அதுதான் பதில்.

அவர் போனதும் நீ என் கையைப் பிடித்து எழுந்தாய். "ஏட்டி, எனக்குத் தெரியாதா, டாக்டர் என்ன சொன்னார்னு? பூக்கலேன்னா போகட்டும். இன்னைக்கு எனக்கு மண்ணுல கை வைக்கணும், அவ்வளவுதான்." கோபம் வந்தால் மட்டும் உன் பேச்சில் தூத்துக்குடி எட்டிப் பார்க்கும்.

சமையலறைக் கரண்டியால் நான் மண்ணைக் கிளறினேன். கசகசாவை விடக் கொஞ்சம் பெரிய அந்தக் கறுப்பு விதைகளை மணலோடு கலந்து, நாற்காலியில் இருந்தபடியே தூவினாய். மூட வேண்டாம், உள்ளங்கையால் அழுத்தினால் போதும் என்று என்னை அதட்டினாய். அதன்பிறகு மழை வரவே இல்லை. முடிந்த நாட்களில் ஹோஸைப் பிடித்து நீயே தண்ணீர் விட்டாய்; முடியாத நாட்களில் ஜன்னலுக்குள்ளிருந்து என்னை வேலை வாங்கினாய்.

ஜூலை வெயிலில் பூத்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கள். நாற்காலியை வெளியே போடச் சொல்லி, மாலையில் இதழ்கள் சுருண்டு மூடிக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். "குட்டையா இருக்கு. என்னை மாதிரியே" என்று சொல்லிவிட்டு இருமும்வரை சிரித்தாய்.

ஆகஸ்டில் போய்விட்டாய். சர்ச் ஹாலில் நடந்த நினைவுக் கூட்டத்தில், அந்த ஆன்ட்டியின் கணவர் மைக்கைப் பிடித்தார். "பாவம், கடைசி வரைக்கும் அவங்க உண்மையை ஏத்துக்கவே இல்ல. சீசன் போனப்புறம் விதை போட்டுட்டு, பூக்கும் பூக்கும்னு உக்காந்திருந்தாங்க." நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள்.

எழுந்தேன். "அங்கிள், பூத்துச்சு. அவ பாத்தா. நீங்கதான் ஒருநாளும் வந்து பாக்கல."

உன் மகள் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போவதில்லை. செத்தவளுக்காக இருப்பவர்களைப் பகைத்துக்கொள்வானேன் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. உன் மூச்சு நிற்பதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அவர்கள் உன்னைப் புதைத்துவிட்டார்கள். அந்த மாதங்களில் நீ கோபப்பட்டாய், அதட்டினாய், சிரித்தாய். எங்கள் எல்லோரையும் விட அதிகமாக வாழ்ந்தாய். அதில் ஒரு நாளைக்கூட யாரும் கழித்துப் பேச நான் விடப்போவதில்லை.