வெண்கல வரையாட்டை இறக்கும் ஆணை

மங்கலம் பெருகுக. ஏழு குன்றுக்கும் வரையாட்டுக் கொடிக்கும் உரிய கூடல்வரை நாட்டு வேந்தன் நெடுஞ்சேய், தன் ஊர்திக்கூடத்து முதல்வி, நெருப்பின் குணமும் காற்றின் குணமும் அறிந்த காரிக்கண்ணியார்க்கு விடுக்கும் ஓலை. உம் உலைகள் அவியாதிருக்க. உம் கம்மியர் கைகள் நலமுற்றிருக்க.

நேற்று உச்சிவெயிலில் செங்கணவாயில் நிகழ்ந்ததைப் பிறர் வாயால் கேட்டிருப்பீர். நம் வாயால் கேட்கவும் உமக்கு உரிமை உண்டு. அங்கே சென்ற சுழலிறகுப் போரூர்தியின் முன்னிருக்கையில் கணை விட அமர்ந்திருந்தவன் உம் தம்பி வேட்டன்.

பகைவர் வளைத்த கணவாயில் சிக்கிய நம் வீரருள் ஆறு பேரை ஏற்றியதும் ஊர்தி எழவில்லை. மலையுச்சியின் வெயிலில் காற்று இளகிவிடும், இறகுகளுக்குப் பிடிப்பு இராது என்று நீர் முன்பே எழுதியிருந்தீர். காப்புத் தகட்டைத் தடிப்பாக்கினால் எரிநெய்யைக் குறைக்க வேண்டும், எரிகணைகளைக் கூட்டினால் ஆளேற்றும் அறையை விட வேண்டும், எல்லாமே வேண்டுமென்றால் ஊர்தி தரையை விடாது என்றும் எழுதியிருந்தீர். நாம் எல்லாமே வேண்டுமென்றோம். ஓலையின் கடைசியில், மூக்கில் பூட்டும் வெண்கல வரையாடு ஓராள் எடை இருக்கிறது, அதையாவது விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர். அதைப் படித்து நமக்கு வந்த சினத்தை அவையே அறியும். அரச இலச்சினையைத் தொட்டவன் கை போகும் என்ற பழஞ்சட்டத்தை மறுமொழியாக அனுப்பினோம்.

நேற்று எரிகணைகள் யாவும் முன்பே தீர்ந்துவிட்டன. எரிநெய்யைக் கொட்டினால் திரும்ப வழியில்லை. ஓராள் எடை குறைந்தால் எழுந்துவிடும் என்று கண்ட ஓட்டுநன் எயினன், ஆட்டைக் கழற்றிவிடச் சொன்னான். அதற்கு உம் தம்பி, "அதுல கை வச்சிட்டு அரசர் முகத்துல எப்படி முழிக்கிறது? என் தகட்டைக் கழட்டுறேன், நீ சும்மா இரு" என்றானாம். தன் இருக்கைக்கு அடியிலிருந்த, அதே எடையுள்ள காப்புத் தகட்டைக் கழற்றி வெளியே தள்ளினான். ஊர்தி எழுந்தது. கீழிருந்து வந்த கணை, தகடு இருந்த இடத்தின் வழியே ஏறியது.

ஆறு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தனர். வேட்டனும் உயிரோடிருக்கிறான், இடக்கால் போயிற்று. இன்று காலை மருத்துவச்சாலையில் அவன் கண் திறந்தபோது நாம் அருகிருந்தோம். எழுந்து வணங்கப் பார்த்தான், முடியவில்லை. முதலில் அவன் கேட்டது, வரையாட்டுக்குச் சேதமொன்றும் இல்லையே என்பதுதான். இல்லை என்றேன். அவன் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன், காரிக்கண்ணி.

கணவாயில் இன்னும் நாற்பது பேர் இருக்கிறார்கள். நாளை மறுநாள் பதினோரு ஊர்திகள் செல்ல வேண்டும். ஆகவே ஆணை: எல்லா ஊர்திகளின் மூக்கிலிருந்தும் வரையாட்டை இறக்குக. இருக்கைத் தகட்டில் இம்மியும் குறையற்க. பழஞ்சட்டம் இன்றோடு ஒழிந்தது. இனி எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதில் உம் சொல்லே முடிவு. நாமே வந்து மறுத்தாலும் கேளற்க.

முத்திரையிட அரக்கு உருக்கி வைத்தார்கள். முத்திரையிலும் அதே ஆடுதான். எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். அரக்கில் என் கட்டைவிரலைப் பதித்திருக்கிறேன். இதையே வேந்தன் ஆணையாகக் கொள்க.